வேட்டி காயும்வரை நின்ற ஆறு

மாசானம் வாயைத் திறந்தால் டீக்கடை காலியாகிவிடும் என்பது குளவியாற்று மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பாதிக் கதையில் ஒருத்தருக்கு பஸ் வந்துவிடும், இன்னொருத்தருக்கு மாட்டைக் கட்டவில்லை என்பது ஞாபகம் வந்துவிடும். அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஊர்ச் சுற்றுலாக் குழுவினர் அவர் பேச்சைக் கேட்டுக் களைத்துப்போய், மலையேறும் ஆட்களுக்கு வழிகாட்டி என்று ஒரு பேட்ஜைக் கொடுத்து அனுப்பினார்கள். அதிலிருந்துதான் அவருக்கு விடிவு. நடுக்காட்டில் யாரும் எழுந்து போக முடியாது. போனால் வழி தெரியாது. இப்படிப்பட்ட ரசிகர்கள் வேறு யாருக்கு வாய்ப்பார்கள்?

அந்தப் பேட்ஜுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை, கதை நீண்டுபோனதால் இருட்டின பிறகு ஆட்களை இறக்கிக் கொண்டுவந்திருந்தார். சோதனைச்சாவடிக் காவலர் செண்பகம் அன்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"அஞ்சு மணிக்குச் சங்கிலி போட்டுருவேன் அண்ணாச்சி. இன்னைக்கும் லேட்டுன்னா பேட்ஜைக் கழட்டி மேசையில வச்சுட்டுப் போயிரணும்."

வந்திருந்தவர்கள் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் ஆறு பேர். நாலு பேர் மூச்சு வாங்கவே நேரம் போதாமல் வந்தார்கள். மற்ற இருவர்தான் மாசானத்தின் சபை. ஒருவர் பி.டி. மாஸ்டர் தங்கப்பழம், எதையும் நம்பாதவர். இன்னொருவர் ஏழாம் வகுப்பு ஜெபக்கனி டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் சாக்குகளை இருபத்திரண்டு வருசமாகக் கேட்டு வருகிறவர். போன ஜூலையில் செத்துப்போன மாமா நவம்பரில் மறுபடியும் செத்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கறுத்த பாறை. மாசானம் தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பாறையைப் பாத்துக்கிடுங்க. போன வருசம் ஒரு கரடி இதுமேல வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருண்டுச்சு. தேனைக் கணக்கில்லாமக் குடிச்சிருக்கு. நான் ஓமத்தண்ணி குடுத்தேன். ஒரு ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சுப் போச்சு."

"டம்ளர்லயா குடிச்சுது?" என்றார் தங்கப்பழம்.

"சங்குல. பச்சைப்புள்ளைக்கு மருந்து ஊத்துத சங்குல. கரடிக்கு டம்ளர் புடிக்க வராதுல்லா."

பாறையில் இடப்பக்கம் திரும்பி ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் விழுந்து கிடந்த மருத மரத்தில் உட்கார்ந்து எல்லோரும் காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்தார்கள். மாசானம் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு அட்டையா? இதே கட்டையில உக்காந்திருக்கையில என் கால்ல ஒண்ணு ஏறுச்சு. குடிச்சாக் குடிக்கட்டும்னு விட்டுட்டேன். நம்ம ரத்தம் லேசுப்பட்டதா? மறுவாரம் வந்து பாக்கேன், அந்த அட்டை ஒரு காட்டெருமையைக் கொம்பைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போகுது."

"அதே அட்டைதான்னு எப்படித் தெரியும்?" என்று ஜெபக்கனி டீச்சர் நிதானமாகக் கேட்டார்.

"என்னைக் கண்டதும் எருமையை விட்டுட்டு ஒதுங்கி நின்னுச்சே டீச்சர். என்ன இருந்தாலும் ஒரே ரத்தம்லா."

தங்கப்பழத்துக்குப் பொறுக்கவில்லை. "ஓய், ஒரு அரைமணி நேரம் வாயை மூடிட்டு வாரும். காது வலிக்கு."

மாசானம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் நடந்தார். மலையேற்றத்தைவிட அது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஆற்றைத் தாண்டும் இடம் வந்ததும், அடக்கி வைத்திருந்த மொத்தமும் கொட்டியது.

"இங்கதான் ஒருநா வேட்டியைத் துவைச்சுப் பாறையில காயப் போட்டிருந்தேன். மேலேருந்து வெள்ளம் வருது. 'வேட்டி காயுத வரைக்கும் நில்லு'ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். நின்னுச்சு. பின்னால வந்த தண்ணியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் பனை உசரத்துக்கு நிக்குது. மீனெல்லாம் எட்டிப் பாக்குது. வேட்டியை மடிச்சுத் தோள்ல போட்டுட்டு, 'இப்பப் போ'ன்னேன்."

"கரை போட்ட வேட்டியா, சாதாரண வேட்டியா?" என்றார் தங்கப்பழம்.

"கரை போட்டது. சாதா வேட்டின்னா சீக்கிரம் காஞ்சிருக்கும், ஆத்துக்கு இம்புட்டுச் சிரமம் இருந்திருக்காது."

ஒரு மணிக்கு, இன்னும் மேலே ஏறி, ஒரு பெரிய அத்தி மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். எத்தனை நூறு வருசத்து மரமோ, அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. அதற்குள் தான் ஒருமுறை நுழைந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்ததாகவும், கேரளத்துப் பக்கம் வெளியே வந்தபோது அங்கிருந்த காவலர் அனுமதிச்சீட்டு கேட்டதால் மரத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டதாகவும் மாசானம் நடித்துக் காட்டிச் சொன்னார்.

உண்மையில் அவர் அந்த மரத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். வழக்கமாக அட்டை ஏறிய மருத மரத்தோடு நிறுத்திக்கொள்வார். அன்று கேட்பவர்கள் நன்றாகக் கேட்டதால் காலும் வாயோடு சேர்ந்து போய்விட்டது.

சாப்பிட்டு எழுந்தபோது மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மாசானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய மரம் வந்து நின்றது. அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"இந்த மரத்தைப் பாத்தீங்களா? முந்தி அந்த மலையில நின்னுச்சு. வெயில் தாங்காம இறங்கி வந்துச்சு. நான்தான் கிளையைப் புடிச்சு ஆத்தைத் தாண்ட வச்சேன்."

"அண்ணாச்சி," என்றார் ஜெபக்கனி டீச்சர், "இதுக்குள்ள பூந்துதான் மத்தியானம் கேரளாவுக்குப் போனீங்க."

"அது வேற மரம் டீச்சர்."

தங்கப்பழம் மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். கிளையில் அவர் மறந்துவிட்டுப்போன துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. "என் துண்டும் நடந்து வந்திருக்கு போல," என்றார்.

மாசானம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். இறங்க இரண்டு மணி நேரம் வேண்டும், அதுவும் வழி தெரிந்தால். பேட்ஜைத் தொட்டுப் பார்த்தார். டீக்கடை பெஞ்சும், கதை தொடங்கியதும் எழுந்து நடக்கும் முதுகுகளும் கண்ணில் வந்தன. மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"வழி தெரியல டீச்சர்," என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் கையை உயர்த்தினார், வகுப்பு அடங்கியது.

"மரத்துப் பொந்துல நீங்க நுழையுற மாதிரி நடிச்சுக் காட்டினப்ப நாம வந்த பாதை உங்க முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. அப்படியே போனா வேட்டி காஞ்ச இடம் வரும். எந்திரிங்க."

பொந்துக்கு எதிரே நேராக நடந்தார்கள். ஆறு வந்தது. கரை போட்ட வேட்டி காய்ந்த பாறையும் அங்கேயே இருந்தது. தாண்டினார்கள். அக்கரையில் பாதை மூன்றாகப் பிரிந்தது. டீச்சர் நின்றுவிட்டார்.

"இதுக்கும் அட்டைக்கும் நடுவுல ஒரு கதையும் இல்லையே," என்றார்.

தங்கப்பழம் மாசானத்திடம் பாய்ந்தார். "ஏன்வே, இங்க ஒண்ணு எடுத்து விட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான சார் வாயை மூடச் சொன்னீங்க," என்றார் மாசானம்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "சரிதான். நீங்க பேசாம வந்ததாலதான் ஆத்துச் சத்தம் கேட்டுச்சு. இடது காதுல. இப்ப வலது காதுல கேக்கணும்." ஒவ்வொரு பாதையிலும் பத்தடி நடந்து பார்த்தார். மூன்றாவது பாதையில் போய் நின்று கையசைத்தார்.

எருமையை இழுத்த அட்டையின் கட்டை வந்தது. ஓமத்தண்ணி குடித்த கரடியின் பாறை வந்தது. வலப்பக்கம் திரும்பினார்கள். பனி விலகி, கீழே சாவடியின் தகரக் கூரை தெரிந்தது. மாசானத்துக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

செண்பகம் சங்கிலியைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்தெட்டு.

"மேல இவ்வளவு மேகம் இறங்கியிருக்கு, எப்படிண்ணாச்சி வழி தப்பாம வந்தீங்க?"

இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததுமே மாசானத்தின் நெஞ்சு பழையபடி நிமிர்ந்துவிட்டது.

"மேகம் இறங்கும்னு எனக்குக் காலையிலேயே தெரியும் தாயி. அதான் போகையிலேயே திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கதையை அடையாளத்துக்கு நட்டுக்கிட்டே போனேன். அதைப் புடிச்சே வந்துட்டாங்க. மத்தபடி நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

செண்பகம் டீச்சரைப் பார்த்தாள். ஜெபக்கனி டீச்சர் ஷூவிலிருந்த கடைசி அட்டையை உப்புப் போட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. இந்தக் கதைக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"