இடது முன்சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் அந்தப் பந்தயத் தடத்தில் குருவுக்குத் தாடியும் கிடையாது, காவியும் கிடையாது. கிரீஸ் படிந்த சட்டையும் காதில் செருகிய சாக்பீஸும்தான் அடையாளம். குருவின் பெயர் சுகந்தி, வயது முப்பத்து நான்கு. சீடர் அர்த்தநாரிக்கு ஐம்பத்து மூன்று.

அர்த்தநாரி திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகள் வைத்திருப்பவர். முப்பது வருடம் ஊர் ஊராகப் புழுதி தின்ற மனிதர். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரே ஒரு பொருள்: அறுநூறு கிலோகூடத் தேறாத ஒரு சிவப்புக் கார். அதற்குக் கூரை கிடையாது, ஏசி கிடையாது, இருப்பது இரண்டே இருக்கை. மாதத்தில் ஒரு ஞாயிறு தடத்தைப் பொதுவில் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் அவர் பையனாகிவிடுவார்.

அந்த ஞாயிறு காலை பத்து சுற்று ஓட்டிவிட்டு நேராகச் சுகந்தியின் கொட்டகைக்கு வந்து நின்றார். காரிலிருந்து குதித்த வேகத்தில் இடது முன்சக்கரத்தை எட்டி உதைத்தார்.

"ஏம்மா, இது டயரா, பள்ளிக்கூடத்துப் பையன் வெச்சிருக்கிற ரப்பரா?"

சுகந்தி டயரைப் பார்த்தாள். உள்ளிருக்கும் நூல் வெளியே தெரிந்தது.

"போன மாசம் மாட்டினது. அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு. பிரேக் பேடு மூணு செட்டு. பிரேக் ஆயிலு கொதிச்சுப்போச்சு, கொதிச்சுப்போச்சுன்னு ஒவ்வொரு வாட்டியும் நீ மாத்தற. லேசான காரு, செலவு வெக்காதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன்."

"இதே காரை ஓட்டற மத்தவங்களுக்கு ஒரு செட்டு டயரு வருசம் பூரா வருது. எனக்கு மட்டும் ஏன் இந்தத் தீனி தின்னுது? என் லாரி இருபத்தஞ்சு டன்னு. அதுகூட இப்படித் தின்னதில்ல!"

மரியாதைக்குப் பேர்போன மனிதர். சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்பவர். அவர் வாயில் 'நீ' வந்ததும் பக்கத்துக் கொட்டகைகளில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது.

"மத்தியானம் இந்தக் காரை விலை பேச பெங்களூர்க்காரன் ஒருத்தன் வர்றான். அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லைன்னா சாவியை அவன் கையில குடுத்துட்டு, நீ பேடு திருடறேன்னு இங்க நாலு பேருக்குச் சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன்."

சொன்னதும் அவருக்கே வாய் கசந்தது. அந்தக் காரை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தாலே பொறுக்கவில்லை. நினைக்க நினைக்கக் கோபம்தான் ஏறியது.

சுகந்தி வேறு டயரை மாட்டினாள். காதிலிருந்த சாக்பீஸை எடுத்து, தரையில் படும் பகுதியிலிருந்து பக்கவாட்டு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள்.

ஒவ்வொரு முறையும் அவள் போடும் கோடுதான். திருஷ்டிக்குப் போடுகிறாள் என்றே அர்த்தநாரி நினைத்திருந்தார். நல்லதுதானே என்று அதன்மேல் குங்குமம்கூட வைத்திருக்கிறார். ஓட்டி முடித்தபின் குனிந்து பார்த்ததில்லை.

"பக்கத்துல உக்காருங்கண்ணா."

அவள் பத்து சுற்று ஓட்டினாள். அவசரப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஆள் பாரத்தோடு, அவருடைய மிக வேகமான சுற்றைவிட இரண்டு நொடி முந்தியிருந்தாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

கொட்டகைக்குத் திரும்பியதும், "குனிஞ்சு பாருங்கண்ணா" என்றாள்.

தரையில் படும் இடத்தில் மட்டும் கோடு அழிந்திருந்தது. பக்கவாட்டில் அப்படியே இருந்தது. அவர் ஓட்டிய டயரை எடுத்து அருகில் வைத்தாள். அதில் கோடு என்று ஒன்று போட்டதற்கே தடயமில்லை. பக்கவாட்டில் இருந்த எழுத்துகள்கூடத் தேய்ந்துபோயிருந்தன.

"வளைவுல ஒடிச்சுத் திருப்பினா டயர் மடங்கி ஓரமும் தரையில தேயும். அதைப் பாக்கத்தான் கோடு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நீங்க அடுத்த மாசம் குங்குமம் கொண்டுவந்தீங்க."

யாரோ சிரித்தார்கள். அர்த்தநாரி திரும்பி முறைத்தார்.

"மத்த மூணு டயரும் நல்லாத்தான் இருக்கு. இது மட்டும் எங்கே தேயுது?" என்று சுகந்தி கேட்டாள்.

"மூணாவது வளைவுல" என்றார்.

"அங்க என்ன பண்றீங்க?"

 அர்த்தநாரி கொட்டித் தீர்த்தார்.

"அங்கதான் அந்த நல்லசிவம் என்னை முந்தினான். பதினெட்டு வருசம் கூட்டாளி. ரெண்டு லாரியையும் ஓட்டிக்கிட்டு, என் வாடிக்கையையும் இழுத்துக்கிட்டுப் போனான். போனவன் இதே காரை நீலத்துல வாங்கிட்டு இங்கயும் வந்தான். அந்த வளைவுல உள்பக்கமா நுழைஞ்சு, முந்தும்போது கையை வேற ஆட்டினான், அம்முணி! கையை ஆட்டினான்! அன்னையிலிருந்து அங்க நான் வழி விடறதில்ல. கடைசி வரைக்கும் பிரேக்கைத் தொடமாட்டேன். அப்புறம் ஒரே மிதி, ஒரே திருப்பு. நுழையட்டும் பாக்கலாம்!"

"அது எப்போ நடந்தது?"

"மாசியில."

"இப்போ ஆவணி. அவர் பங்குனியிலயே காரை வித்துட்டார். தெரியுமில்ல?"

"தெரியும்."

"இன்னைக்குக் காலையில உங்க பின்னாடி யார் வந்தாங்க?"

 அர்த்தநாரிக்குக் காலையில் கண்ணாடியில் பார்த்த வெறும் தடம் நினைவுக்கு வந்தது. அவருடைய செல்போன் அடித்தது. பெங்களூர்க்காரன்.

"காரை விக்கட்டுமா, வேண்டாமா? அதையாவது சொல்லு."

சுகந்தி மேசையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தாள்.

"தாராளமா வித்துக்குங்கண்ணா. இந்த டயருக்கு மட்டும் பில்லை யார் பேருக்குப் போடட்டும்? உங்க பேருக்கா, நல்லசிவம் பேருக்கா?"

செல்போன் அடித்து ஓய்ந்தது.