அம்பது ஓம் கேபிள்

"இந்த டப்பாவ ஆத்துல போடுங்க"ன்னு கனகசபாபதி சொன்னப்ப ரூம் நிறைய ஆளுங்க. அந்த டப்பாவக் கட்டின தேவசகாயமும் அங்கதான் உக்காந்திருந்தாரு.

பாட்டு கேக்கற சங்கத்தோட மாசக் கூட்டம் அது. டிஜிட்டல மறுபடி பாட்டா மாத்தற பெட்டி, டேக்னு சொல்வோமே, அத தேவசகாயம் மாசக்கணக்கா சால்டர் வச்சு தன் கையால கட்டிக் கொண்டாந்திருந்தாரு. ஆலாபனை பாதி போறப்ப டக், டக். அப்புறம் சத்தமே இல்ல. கனகசபாபதி சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. தேவசகாயம் பெட்டிய துண்டுல சுத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

கடைசி வரிசையில குரு. பேரு நஸீரா, ரெக்கார்டிங் இன்ஜினியர், கனகசபாபதிய விட வயசுல ரொம்பச் சின்னவங்க. கிண்டலுக்கு வச்ச 'குரு' அப்படியே ஒட்டிக்கிச்சு. எந்திரிச்சு வந்து, தரையில நீளமாக் கிடந்த கேபிளத் தூக்கினாங்க.

"இது யாருது?"

"என்னுதுதான் குருவே," கனகசபாபதி சொன்னாரு. "நல்லா மாட்டுச்சே."

"மாட்டுச்சு. மேல எழுதிருக்கறதப் படிங்க."

கேபிளோட மின் அளவு அம்பது ஓம். வயர்லெஸ் ஆன்டெனாவுக்கு இழுக்கற கேபிள். பிளேயரும் எழுபத்தஞ்சு, பெட்டியும் எழுபத்தஞ்சு.

"ஒத்துப்போகலன்னா போற சிக்னல்ல ஒரு பங்கு முட்டித் திரும்பும் சார். பின்னால வர்றது மேலயே மோதும். பெட்டி என்ன செய்யும் பாவம்."

கனகசபாபதி கேபிளச் சுருட்டிப் பைக்குள்ள வச்சாரு.

மறுநாள் சாயங்காலம் குருவோட ஸ்டுடியோவுக்கு வந்தாரு.

"தேவசகாயத்துக்கிட்ட மன்னிப்பு கேக்கப் போனேன் குருவே. பேச விடல."

"யாரு யார?"

கனகசபாபதி ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"'எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே'ன்னாரு. நீங்களாச்சும் கேபிளப் பாத்திருக்கலாமேன்னேன். 'ராத்தூக்கம் இல்லாம கட்டினேன்'னாரு. நான் தமாசுக்குச் சொன்னேன்னேன். கதவச் சாத்திட்டாரு. இனிமே சங்கத்துப் பக்கமே வரமாட்டாராம். இருவது வருசப் பழக்கம்."

குரு மேசையில பிரிச்சுக் கிடந்த ஒரு டேக்க இழுத்தாங்க. உள்ள, கேபிள் வந்து முடியற இடத்துல, கடுகு மாதிரி ஒரு ரெசிஸ்டர். அதுமேல விரல வச்சாங்க.

"இதுக்கு என்ன வேல சார்?"

"வர்றத முழுசா வாங்கிக்கும். எதையும் திருப்பி அனுப்பாது."

"பதில் பேசுமா?"

"இல்ல. லேசா சூடாகும்."

"அப்ப போய், அவரு சொல்றத வாங்கிக்கிட்டு, லேசா சூடாகிட்டு வாங்க."

தேவசகாயம் வீட்டு வாசல்ல கனகசபாபதி ரொம்ப நேரமா நின்னாரு. கை பெல் கிட்டப் போகுது, இறங்குது. இப்படி ஒரு கதவு முன்னால நீங்களும் நின்னிருக்கீங்களா?