ஒரு பிடி கொட்டிக்கிழங்கு

"கண்ணை மூடினா கடவுள் வரல தாயே. குளம்தான் வருது" என்றார் சங்கையா.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு பூரணி அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"எந்தக் குளம்?"

"எங்க ஊர்க் குளம். தண்ணி வத்தி, சேறு வெடிச்சுக் கிடக்கு. எங்கம்மா குச்சியால குத்திக் குத்திக் கொட்டிக்கிழங்கு எடுக்கிறா. ஒண்ணொண்ணும் நெல்லிக்காய் அளவு. பஞ்சத்துல மூணு மாசம் அதுதான் எங்களுக்குச் சோறு."

"அம்மாதானே வர்றாங்க. வரட்டுமே."

சங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருநாள் மத்தியானம் அம்மாவும் தங்கச்சியும் சுருண்டு தூங்கிட்டிருந்தாங்க. தங்கச்சி பங்கு கொட்டாங்கச்சியில இருந்துச்சு. நாலே நாலு கிழங்கு. எடுத்துத் தின்னுட்டேன். எலி தின்னிருக்கும்னு அம்மா சொன்னா. நான் வாயே திறக்கல."

"தங்கச்சி இருக்காங்களா?"

"இருக்கா. ஒச்சம்மா. மலைக்கு அந்தப் பக்கம். முகத்தைப் பார்க்க முடியாம முப்பது வருசமா போகல."

அம்மை எழுந்தார். ஆசிரமத்துக்குப் பின்னால் வற்றிக்கொண்டிருந்த குட்டையில் இறங்கினார். முழங்கால் சேற்றில் நின்று விரல்களால் துழாவினார். ஒரு பிடி கொட்டிக்கிழங்கை இலையில் கட்டி சங்கையாவின் கையில் வைத்தார்.

"தின்னணுமா தாயே?"

"நடங்க."

நடந்தார்.

மலையெங்கும் மூடுபனி. பாதை தெரிந்தது, மறைந்தது. காலடியில் பாறையா, காய்ந்த சேறா என்று பிடிபடவில்லை. பனிக்குள் யாரோ குனிந்து குச்சியால் குத்துவதுபோல் இருந்தது. நெருங்கினால் ஒரு புதர். மறுபடி யாரோ. மறுபடி புதர்.

பனி விலகியபோது கீழே ஊர் தெரிந்தது.

ஒச்சம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். இலையைப் பிரித்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏண்ணே, இதையா இம்புட்டு தூரம் சுமந்துட்டு வந்த?"

கிழங்கை வேகவைத்துத் தட்டில் கொட்டினாள். இருவரும் உட்கார்ந்து தோல் உரித்தார்கள்.

"ஒச்சு, அன்னைக்கு உன் பங்கைத் தின்னது எலி இல்ல. நான்தான்."

"தெரியும்ண்ணே. நான் தூங்கலையே."

சங்கையாவின் விரல்கள் நின்றன.

"பின்னே ஏன் கத்தல?"

"கத்தத்தான் போனேன். அம்மாவும் முழிச்சுத்தான் கிடந்தா. சட்டுனு என் வாயைப் பொத்திட்டா. சாயங்காலம் அவ பங்கை எனக்குக் கொடுத்தா."

"அம்மா பார்த்தாளா?"

"பார்த்துட்டுத்தான் என் காதுல சொன்னா."

"என்ன சொன்னா?"

"'சத்தம் போடாதடி, அண்ணனுக்குப் புரையேறிடும்.'"