நாரைக் குஞ்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். அதிலும் ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த நாரைகளின் பேச்சு இருக்கிறதே, அவ்வளவு சுத்தம். சுத்தம் என்ன சுத்தம், திமிர் என்று சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் நெட்டைக்காலர். அவர் ஒரு சட்டம் போட்டார். குஞ்சுகளின் முன்னால் யாரும் மழலை பேசக் கூடாதாம், அர்த்தமில்லாத சத்தம் காதில் விழுந்தால் நாரைக்குலத்தின் பேச்சே கெட்டுவிடுமாம். குஞ்சு வாய் திறந்தால் முதலில் முழு வாக்கியம்தான் வர வேண்டுமாம். இறகுகூட முளைக்காத பிள்ளையிடம் வாக்கியம் கேட்கிற அறிவாளியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவரும் ஒரு நாள் கூட்டுக்குள் கிடந்து "க்யா, க்யா" என்று கத்தியவர்தான். அதெல்லாம் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது!

செம்பி என்ற நாரைக்கு அப்போதுதான் தலைச்சன் குஞ்சு பொரிந்திருந்தது. அது அம்மாவைப் பார்த்து "க்யா" என்றது. செம்பிக்கு உள்ளுக்குள் குழைந்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து, "மகனே, நத்தை உண்பாயாக" என்று விறைப்பாகச் சொன்னாள். குஞ்சு விழித்தது. நாளாக ஆக அதன் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளை ஊமையாகிவிடுமோ என்று செம்பி பயந்தாள்.

கரையில் பூவாயி என்பவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கைக்குழந்தை கிடந்தது. அது "ங்கா" என்றால் அவளும் "ங்கா" என்பாள். உதட்டைக் குவித்து "ப்பூ" என்பாள், நாக்கைச் சொடுக்குவாள். குழந்தை சிரித்துச் சிரித்து மறுபடியும் கத்தும். இறங்கிப் போய் நின்ற செம்பி, அர்த்தமில்லாத இந்தச் சத்தத்தால் என்ன பயன் என்று கேட்டாள்.

"அர்த்தம் மெதுவாக வரட்டும் அக்கா. தான் கூப்பிட்டால் பதில் வரும் என்று முதலில் அவனுக்குத் தெரியட்டும்" என்றாள் பூவாயி.

செம்பி பறந்து வந்து குஞ்சின் முகத்தருகே "க்யா" என்றாள். குஞ்சு தலையைத் தூக்கியது. "க்யா?" என்றது. "க்யா, க்யூ!" என்றாள் இவள். பட்டுப்போன குரல் துளிர்த்தது. பக்கத்துக் கூடுகளில் இருந்த குஞ்சுகளும் கூடவே கத்த ஆரம்பித்தன.

பொறுக்குமா நெட்டைக்காலருக்கு? அவள் சத்தம் எந்தக் குஞ்சின் காதிலும் விழக் கூடாது, எல்லோரும் அலகைத் தட்டி அதை அமுக்குங்கள் என்று உத்தரவிட்டார். வெட்கம்கெட்ட கூட்டம், தட்டியது! ஒருவராவது ஏன் என்று கேட்டாரா? பெற்ற தாய்களே நமக்கேன் வம்பு என்று தட்டினார்கள். ஏரி முழுக்க டக டக டக. செம்பி கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். அவள் வாய் திறந்தபோதெல்லாம் அவர்கள் தட்டினார்கள். கடைசியில் அவள் குரலே போய்விட்டது.

மரம் அமைதியானது. நெட்டைக்காலர் கம்பீரமாகச் செம்பியின் கூட்டருகே வந்து, "இப்போது பேசு, குழந்தாய்" என்றார்.

குஞ்சு அவரை ஏறிட்டுப் பார்த்தது. தன் சின்ன அலகைத் தூக்கி, டக டக என்று தட்டியது. அடுத்த கூட்டுக் குஞ்சும் தட்டியது. அதற்கடுத்ததும் தட்டியது. அவர்கள் ஊட்டியதைத்தானே அவை கற்றன? நெட்டைக்காலர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் வரவில்லை. பேசத் தெரிந்த கிழங்கள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. அவர் கட்டிக் காத்த சுத்தமான பேச்சும் அவர்களோடு போயிற்று.

பூவாயியின் பிள்ளையோ ஆடி மாதத்துக்குள் "அம்மா" என்றான். அப்புறம் அவன் வாயை மூடவே முடியவில்லை.

அந்த நாளிலிருந்துதான் வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, ஒன்றையொன்று கண்டால் அலகைத்தான் தட்டிக்கொள்ளும். கூட்டில் கிடக்கும் குஞ்சு மட்டும் இன்றும் கத்திக் கத்திப் பார்க்கிறது, யாரும் பதில் சொல்லாததால் ஒரு நாள் அதுவும் நிறுத்திவிடுகிறது.