பிடிதுணி நனைந்த நாள்

ஒரு வீட்டு அடுப்படியில் ஒரு பிடிதுணி இருந்தது. அஞ்சுகம் தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மடித்து, ஓரம் தைத்து வைத்தது அது. அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். கொதிக்கிற எதை இறக்குவதானாலும் அவள் கை முதலில் அதைத்தான் தேடும். அடுத்த ஆணியில் தொங்கியது ஓர் அலுமினியக் கரண்டி. வாய் என்றால் அப்படி ஒரு வாய் அதற்கு.

கரண்டிக்குத் தன்னைப் பற்றி ஏகப் பெருமை. குழம்பில் தலையை நுழைத்த மாத்திரத்தில் காம்பு வரைக்கும் சுட்டுவிடும். எங்கே என்ன கொதித்தாலும் எனக்கு உறைக்கும், உடனே அடுத்தவருக்கும் சொல்லிவிடுவேன், மனசென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாளெல்லாம் பீற்றிக்கொள்ளும். பிடிதுணியைக் கண்டால் அதற்கு இளக்காரம். இந்தப் பக்கம் பானை கொதிக்கிறது, அந்தப் பக்கம் கை சுகமாக இருக்கிறது, நடுவில் இருக்கிற உனக்கு மட்டும் ஒன்றுமே உறைக்காதா என்று குத்திக்காட்டும். கொஞ்சம் நனைந்து பார், அப்போதாவது சூடு என்றால் என்னவென்று தெரியும் என்றும் சொல்லிவைத்தது.

தரையில் கிடந்த பிரிமணைக்கும் இதே ஏச்சுதான். வைக்கோல் புரியைச் சுற்றிச் செய்த வளையம் அது. இறக்கிய பானையைத் தன் மேல் தாங்கிக்கொண்டு பேசாமல் கிடக்கும். கரண்டி சொல்வதை அது காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பிடிதுணிதான் ஒவ்வொரு சொல்லையும் உள்ளே வைத்துப் புழுங்கியது. நெஞ்சு மரத்த ஜென்மம்தானோ நாம் என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

அந்த வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. துடைக்கிற துணி வேறு, பிடிக்கிற துணி வேறு. துடைக்கிறது தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடக்கும். பிடிக்கிறதில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. அஞ்சுகம் எத்தனை தரம் சொல்லியும் அவள் புருஷன் மருதையனுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை. அவனுக்குத் துணி என்றால் துணி, அவ்வளவுதான்.

அன்று காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மருதையன் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். அடுப்பு மேடையெல்லாம் தண்ணீர். துடைக்க எதையாவது தேடி அவன் கை நீண்டது. பிடிதுணிக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. ஒரே ஒரு தடவை உறைக்கட்டுமே என்று, ஆணியிலிருந்து தன் முனையை மெல்ல அவன் பக்கம் நழுவவிட்டது. அவனும் அதை உருவித் துடைத்து, பிழிந்து, பழையபடி மாட்டிவிட்டு அறைக்குள் போனான்.

முதலில் குளிர்ச்சியாக, சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்பு ஆவி பட்டதும் சுரீரென்று ஒரு சூடு உடம்பெல்லாம் ஓடியது. இப்போதுதான் நீ எங்கள் கூட்டம் என்று கரண்டி கொண்டாடியது. பிடிதுணிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் அது அடுப்பைப் பார்த்தது. அலுமினியக் குண்டானில் சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இனி வெந்த சோற்றைக் குண்டானோடு இறக்கிக் கஞ்சி வடிக்க வேண்டும். அதை அஞ்சுகம் தன்னை வைத்துத்தான் தூக்குவாள். என்மேல் ஏறுகிற சூடு அப்புறம் எங்கே போகும் என்று கரண்டியிடம் கேட்டது.

"எங்க போகும்? உன்னைப் பிடிச்சிருக்கிற கைக்குத்தான். நாங்க எதையும் கையில வச்சுக்கிறதில்ல" என்றது கரண்டி.

அந்த நேரம் பார்த்து, தவழப் பழகியிருந்த குழந்தை குயிலி அடுப்படிக்குள் வந்தாள். நேரே பிரிமணையிடம் போய் உட்கார்ந்து அதன் வைக்கோலைப் பிய்க்க ஆரம்பித்தாள். வாயே திறக்காத பிரிமணை அன்று பேசியது.

"பிள்ளை இங்க இருக்கு. நீ காஞ்சிட்டியா?"

பிடிதுணி அடுப்புப் பக்கம் சாய்ந்து காயப் பார்த்தது; ஆவி பட்டு இன்னும்தான் ஊறியது. தொப்பென்று தரையில் விழுந்தது, வேறு துணியை எடுக்கமாட்டாளா என்று. அஞ்சுகம் குனிந்து அதையே எடுத்தாள். ஈரம் அவள் கைக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் சோறு குழைந்துகொண்டிருந்தது. பிரிமணைக்கு ரெண்டு எட்டு வைத்தால் போதுமே, பார்த்துக்கொள்ளலாம் என்று உதறி மடித்துக் குண்டானைத் தூக்கிவிட்டாள்.

சூடு பாய்ந்து வந்தது. பிடிதுணி தன் இழைகளையெல்லாம் இறுக்கிப் பார்த்தது. ஒன்றும் நிற்கவில்லை. ஐயோ, போகாதே, போகாதே என்று அது உள்ளுக்குள் கதறக் கதற, சூடு அதைத் தாண்டி அவள் விரல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே நேரம் குயிலி பிரிமணையை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து, புடவையைப் பற்றி எழுந்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் தலைக்கு நேர் மேலே கொதிக்கிற குண்டான். முன்னால் ஓர் அடி வைக்க வழியில்லை, திரும்பி அடுப்பில் வைக்கவும் வழியில்லை.

இப்போது விட்டுவிடுவாள் என்று பிடிதுணி நடுங்கியது. சுட்டால் விடத்தானே செய்யும் கை.

"என்னங்க, பிள்ளைய வந்து தூக்குங்க" என்றாள் அஞ்சுகம். குரலை உயர்த்தவே இல்லை.

வந்துட்டேன் என்று அறையிலிருந்து சாவகாசமாகப் பதில் வந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் அதே குரலில் கூப்பிட்டாள். அவள் விரல்கள் துடிப்பது பிடிதுணிக்குத் தெரிந்தது. துடிக்கத் துடிக்கப் பிடி இறுகியதே தவிர, தளரவில்லை.

மருதையன் வந்து பார்த்து, முகம் வெளிறி, குழந்தையை வாரி எடுத்தான். அஞ்சுகம் குண்டானைப் பிரிமணை மேல் அலுங்காமல் இறக்கினாள். அப்புறம்தான் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். விரல் நுனியெல்லாம் வெந்து கொப்பளித்திருந்தது.

ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்றான் அவன்.

"போட்டிருந்தா பிள்ளை மிரண்டுபோய்க் குண்டான் பக்கம் கையத் தூக்கியிருப்பா" என்றாள்.

அவன் கீழே கிடந்த துணியை எடுத்தான். ஈரம் பட்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது. கொல்லைக்குப் போய், நல்ல வெயிலாகப் பார்த்து உலர்த்தினான். அன்று வேலைக்குப் போகவில்லை.

மொறுமொறுவென்று காய்ந்து பிடிதுணி ஆணிக்குத் திரும்பியபோது சாயங்காலமாகியிருந்தது. கரண்டி மெதுவாகக் கேட்டது. "சூடு அவ கையோட நின்னுபோச்சே. உன்னை மாதிரி அவளுக்கும் ஒண்ணும் உறைக்காதா?"

"உறைச்சுது" என்றது பிடிதுணி. "உனக்கு உறைக்கிறதவிட நல்லாவே உறைச்சுது. அதனாலதான் அத அவ தன்னத் தாண்டிப் போக விடல."