சான்றிதழ் இல்லாத அம்மை

மாணவர்கள் நாங்கள் எத்தனையோ மறியல்களில் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத கல்லூரி முதல்வர் தணிகாசலத்தை, செங்கமலம் என்ற மாணவி தனி ஆளாக அசைத்துக் காட்டினாள்.

அம்மை போட்டு வீட்டில் கிடந்ததால் ரெக்கார்டு நோட்டைத் தாமதமாகக் கொண்டுவந்தாள். அதில் முதல்வர் கையெழுத்துப் போடாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது.

"மெடிக்கல் சர்ட்டிபிகேட் எங்கே?"

"அம்மைக்கு எங்க வீட்ல ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாங்க சார். வேப்பிலைதான் கட்டினாங்க."

"வேப்பிலை கையெழுத்துப் போடுமா? டாக்டர் எழுதித் தராத நோயை நான் நம்பமாட்டேன்."

"முகத்துல தழும்பு இருக்கே சார்."

"கொசு கடிச்சிருக்கும்."

"அப்போ எங்க அண்ணனைக் கூப்பிடறேன் சார். என்கிட்டேயிருந்து தொத்திக்கிச்சு, உடம்பெல்லாம் கொப்புளம். வெளியிலதான் நிக்கிறாரு. நீங்களே தொட்டுப் பாருங்க."

முதல்வர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, அம்மைக்காரனை உள்ளே விடாதே!"

"அம்மையா? அவரும் டாக்டர்கிட்ட போகலையே சார். கொசு கடிச்சிருக்கும்."

"அம்மைதான்... இல்லை, சர்ட்டிபிகேட் இல்லாம எப்படி... எதுவா இருந்தாலும் உள்ளே வரக்கூடாது!"

குழம்பிப்போனவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு, நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

செங்கமலம் வெளியே வந்தாள். அங்கே யாரும் நிற்கவில்லை. அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.