தூனிஸின் முதுகு

ஒல்லாந்து நாட்டுக் கதை இது. சதுப்பு நிலத்தில் நடந்ததாகச் சொல்வோரும் உண்டு. உருளைக்கிழங்கு வயல் என்பதே பொருந்தும், ஏனெனில் மண்ணிலுள்ள கிழங்கைக் கெடுக்கும் உறைபனி கதையில் வருகிறது.

நாற்பது வயதுவரை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய யோஸ்ட், ஓவியர் அலைடா அம்மையாரிடம் சீடனாகச் சேர்ந்திருந்தான். உழைப்பாளிகளை வரைவதில் அந்நாட்டில் அவருக்கு நிகரில்லை. யோஸ்ட் அனுப்பிய இரண்டு ஓவியங்களையும் நகரத்து ஓவியச் சங்கம், "உழவர் அல்லர், சிலைகள்" என்று திருப்பிவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் பழைய பலகைகளுக்கே போக வேண்டியதுதான். அதை ஏற்றிச்செல்லும் வண்டி அன்று மாலை வருவதாக இருந்தது.

அம்மையாரும் அவனும் வரைய வந்திருந்த வயலில் தூனிஸ் என்ற கூலியாள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். நேர்ப்பிடி மண்வெட்டியைக் காலால் மிதித்து இறக்குவதும், குனிந்து மண்ணைப் புரட்டுவதுமாக ஓயாத வேலை.

"அண்ணே, குனிந்தபடியே சற்று நில்லுங்கள். வரைந்துகொள்கிறேன்."

தூனிஸ் தலை நிமிரவில்லை. "உறைபனியைச் சற்று நிக்கச் சொல்லுங்க ஐயா, நானும் நிக்கிறேன்."

நான்காவது தாளையும் யோஸ்ட் வீசியெறிந்தான். "அம்மா, நில்லாத மனிதரை எப்படி வரைவது?"

அலைடா காற்றில் புரண்ட தாளை மிதித்துப் பிடித்து எடுத்தார். அதன் பின்பக்கத்தில் கரிக்கோலை வைத்தார். தூனிஸ் குனிந்தபோது ஒரு கோடு. நிமிர்ந்ததும் கோலை எடுத்துவிட்டார். மறுபடி குனிந்தபோது இன்னொரு கோடு.

ஒரு சால் முடிவதற்குள் தாளில் ஒரு முதுகு எழுந்திருந்தது. உடலின் பாரம் எந்தக் காலில் என்பதை மரக்காலணியே சொல்லிற்று.

வரப்போரம் வந்த தூனிஸ் எட்டிப் பார்த்தார். "அட, இடுப்பு வலிகூடத் தெரியுதே அம்மா! என் பெண்சாதி கிட்ட காட்டுங்க, அவ நம்பவே மாட்டேங்கிறா."

சிரித்துக்கொண்டே அடுத்த சாலில் இறங்கினார்.

"அவர் ஒரு கணமும் நிற்கவில்லையே!" என்றான் யோஸ்ட்.

"திரும்பத் திரும்ப வந்தாரே."

"ஒரு கோட்டைக்கூட நீங்கள் அழிக்கவில்லை. எப்படி இவ்வளவு சரியாக விழுந்தது?"

"விடிந்ததிலிருந்து அவர் ஆயிரம் முறை சரியாகக் குனிந்திருக்கிறார். நான் ஒருமுறை வரைந்தேன்."

யோஸ்ட் புதுத் தாளை விரித்தான்.

வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். தூனிஸ் அடுத்துக் குனிவதற்காகக் காத்திருந்த யோஸ்ட், தலை நிமிரவில்லை.